வகுப்பறைப் பயிற்சியை ஆன்லைனுக்கு மாற்ற: ஒரு பனியன் கம்பெனி பயிற்சி அலுவலரின் குறிப்புகள்

பழைய பிபிடியை முதலில் திறக்காதீர்கள். "இனி டிரெயினிங் எல்லாத்தையும் ஆன்லைன்ல போட்டுருங்க" என்று மேலே இருந்து சொன்னதும் நம்மில் பலர் செய்வது அதைத்தான். அறுபது ஸ்லைடையும் அப்படியே ஜூமில் ஓட்டி, ஒன்றரை மணி நேரம் பேசி, கடைசியில் "எல்லாருக்கும் புரிஞ்சுதுங்களா?" என்று கேட்போம். மைக்கை அணைத்து வைத்திருக்கும் நாற்பது பேரின் அமைதியைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு முடிப்போம். 2020 ஊரடங்கில் பல இடங்களில் ஆன்லைன் பயிற்சி என்று நடந்தது இதுதான்.

நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பயிற்சி அலுவலர். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆட்களுக்கும், சூப்பர்வைசர்களுக்கும், ஆபீசில் இருந்து ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர்களுக்கும் பயிற்சி ஏற்பாடு செய்வது என் வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கான அறிமுகம், தீ பாதுகாப்பு, முதலுதவி, உடைந்த ஊசி விதிமுறை, பாலியல் துன்புறுத்தல் தடுப்பு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று பட்டியல் நீளும். இதில் ஒரு பெரிய பங்கு இப்போது டேப்லெட்டிலும் செல்போனிலும் நடக்கிறது. மீதி இன்னும் ஹாலில்தான் நடக்கிறது, இனியும் அங்கேதான் நடக்கும். ஆளுக்கொரு லேப்டாப் இருக்கிற ஆபீசுகளுக்கு எழுதிய வழிகாட்டிகள் நிறைய இருக்கின்றன. மிஷின் சத்தத்துக்கு நடுவே, நாலு மொழி பேசுகிற ஆட்களோடு இதைச் செய்ய வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வகுப்பின் கடைசி வரிசையில் உட்காருங்கள்

மாற்றப்போகிற வகுப்பு அடுத்த முறை நடக்கும்போது, ஒரு நோட்டோடு போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். பயிற்சியாளர் பேசுவதைக் குறிக்க வேண்டாம், அது ஸ்லைடிலேயே இருக்கிறது. பேச்சைத் தவிர அவர் வேறு என்னவெல்லாம் செய்கிறார் என்று பாருங்கள். எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிற ஒரிசா பையனுக்கு ஒன்றும் புரியவில்லை என்று அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, பக்கத்தில் போய்த் திரும்பச் சொல்வார். அவன் பக்கத்தில் இருப்பவன் காதோடு மொழிபெயர்ப்பான். டீ டைமில் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, அத்தனை பேர் முன்னால் கேட்க முடியாததைக் கேட்பாள். சூப்பர்வைசர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோவதுகூட ஒரு செய்திதான்.

பாதிப் பாடம் இப்படித்தான் உள்ளே போகிறது. ஆன்லைனுக்குப் போகும்போது முதலில் காணாமல் போவதும் இவைதான். ஆகவே மென்பொருளைத் தேடும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: பயிற்சியாளரின் கண் செய்த வேலையை இனி எது செய்யும்? பக்கத்து ஆள் காதோடு சொன்னதை யார் சொல்வார்? டீ டைம் சந்தேகம் எங்கே போகும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காத வகுப்பை மாற்றாமல் வைத்திருப்பதே நல்லது.

மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு வகுப்பை முழுசாக எடுத்து "இது ஆன்லைன், இது ஹால்" என்று முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் மூன்று விதமான சரக்கு கலந்து கிடக்கும். கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்று: லீவு விதி, இ.எஸ்.ஐ. அட்டையில் என்ன கிடைக்கும், புகார் பெட்டி எங்கே இருக்கிறது. இது வீடியோவுக்குத் தாராளமாகப் போகலாம். கை பழக வேண்டியது இரண்டாவது. தீயணைப்பானின் பின்னை இழுத்து, முனையை நெருப்பின் அடியைப் பார்த்துப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, இடவலமாக வீசுவதை வீடியோவில் நூறு தடவை பார்த்தாலும், பின்னை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று கைக்குத் தெரியாது. முதலுதவியில் நெஞ்சை அழுத்துவதும் அப்படித்தான். இவை மைதானத்தில்தான் நடக்க வேண்டும். ஆனால் மின் பெட்டியில் தீ என்றால் தண்ணீர் ஊற்றக்கூடாது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை எடுக்க வேண்டும் என்பது போன்ற விளக்கங்களை முன்கூட்டியே வீடியோவில் கொடுத்துவிட்டால், மைதானத்தில் கிடைக்கிற நேரம் முழுக்கக் கைப்பழக்கத்துக்கே கிடைக்கும். முன்பு ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி பேச்சு. சிலிண்டரைத் தொட்டுப் பார்ப்பது முன்வரிசை ஆட்கள் மட்டும்.

மூன்றாவது, பேசிப் பழக வேண்டியது. டார்கெட் முடியாத டைலரிடம் சூப்பர்வைசர் எப்படிப் பேசுவது, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழுவின் உறுப்பினர் ஒரு பெண்ணின் புகாரை எப்படிக் கேட்டு எழுதுவது ஆகியவை. இதைச் சிறு குழுவாக நேரடி ஆன்லைனில் செய்யலாம், ஹாலிலும் செய்யலாம். பதிவு செய்த வீடியோவில் மட்டும் செய்ய முடியாது.

அந்த நேரம் யாருடையது?

பலர் பேசாமல் கடந்துபோகும் இடம் இது. "லிங்க் அனுப்பியாச்சு, ராத்திரி ஹாஸ்டல்ல பார்த்துக்கட்டும்" என்பது பயிற்சி ஆகாது. ஒன்றரை ஷிப்ட் முடித்துப் போகிற ஆளுக்கு அது கூடுதல் வேலை, அதுவும் கூலி இல்லாத வேலை. அவருடைய டேட்டா, அவருடைய போன். சில வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் கணவர் கையில் இருக்கும். பாலியல் துன்புறுத்தல் பற்றிய வீடியோவை அந்தப் போனுக்கு அனுப்புவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது இதைத்தான்: பார்ப்பது வேலை நேரத்தில், கம்பெனி டேப்லெட்டில், கேண்டீன் பக்கத்து மூலையில். ஒரு தையல் லைனிலிருந்து ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் எழும்பக்கூடாது, அப்போதுதான் லைன் நிற்காது. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைப்பவர் எழுந்து வந்தால் அந்த நிமிடங்களுக்கு அவர் சராசரிச் சம்பாத்தியத்தைக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வீடியோவை ஓடவிட்டுக் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

எம்.டி.யிடம் இதைப் பேசக் கணக்கோடு போங்கள். நூறு பேரை ஒரு மணி நேரம் ஹாலில் உட்காரவைத்தால் நூறு மனித மணி நேரம். அதில் கூட்டிச் சேர்க்க, கையெழுத்து வாங்க, திரும்பப் போய் மிஷினில் உட்கார என்று இருபது நிமிடம் போனால், முப்பத்து மூன்று மணி நேரம் ஒன்றும் கற்காமல் போய்விட்டது. மிச்சமாவது அந்த நேரம்தான். கற்கும் நேரத்தையே மிச்சம் பிடிக்கப் பார்த்தால், தொழிற்சாலையைச் சோதிக்க ஆடிட்டர் வரும் அன்று தெரிந்துவிடும்.

வீடியோ எடுப்பது

ஸ்டுடியோ வேண்டாம். நல்ல செல்போன் ஒன்று, காலரில் மாட்டுகிற மைக் ஒன்று, ஸ்டாண்ட் ஒன்று போதும். காசு செலவழிப்பதாக இருந்தால் மைக்கில் செலவழியுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் எதிரொலித்தால் அரை நிமிடத்தில் கவனம் போய்விடும். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: துணி குடோன். சுற்றிலும் ரோல் ரோலாக அடுக்கிய துணி எதிரொலியை விழுங்கிவிடும். வெறும் சுவர் ஹாலில் பேசியதையும் குடோனில் பேசியதையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். மிஷினோடு எடுக்க வேண்டியதை ஞாயிற்றுக்கிழமை, கம்ப்ரஸர் ஓடாதபோது எடுங்கள்.

ஒரு வீடியோவில் ஒரே விஷயம். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். "ஊசி உடைந்தால் என்ன செய்வது" ஒன்று. "புது ஊசி எப்படி வாங்குவது" இன்னொன்று. "வணக்கம், இன்றைய அமர்வில் நாம் காணவிருப்பது" என்றெல்லாம் ஆரம்பிக்காமல், ஊசி உடையும் சத்தத்தோடு ஆரம்பியுங்கள். போனில் பார்ப்பவர்களுக்குச் செங்குத்தாகவும், டேப்லெட் ஸ்டாண்டில் வைப்பதானால் படுக்கையாகவும் எடுக்க வேண்டும். இரண்டிலும் ஓடும் என்று நடுவாந்தரமாக எடுத்தால் இரண்டிலும் கை தெரியாது.

கேமரா டைலரின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். எதிரே நின்று எடுத்தால் இடது கை வலது கையாகத் தெரியும். ஓவர்லாக் மிஷினில் நூல் கோப்பதை அப்படிப் பார்த்துக் கற்பவர் தலைகீழாகக் கற்பார். இணையத்தில் கிடைக்கிற வெளிநாட்டு வீடியோவைப் போடாதீர்கள். நம் மிஷின், நம் டேபிள், நம் ஊசிப் பெட்டி, நம் கம்பெனி பச்சை ஜாக்கெட். பேசுகிறவரும் லைனில் மதிப்புள்ள ஒரு டைலராகவே இருக்கட்டும். எங்கள் செக்கிங் அக்கா ஒருவர் பேசிய வீடியோவை ஆட்கள் கேட்டு வாங்கித் திரும்பப் பார்க்கிறார்கள், நான் பேசியதை அப்படி யாரும் கேட்பதில்லை.

முகம் காட்டுகிறவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், அவர் வேலையை விட்டுப் போனால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து. யூடியூபில் பட்டியலிடாமல் ஏற்றிய வீடியோ பூட்டி வைத்த வீடியோ அல்ல. லிங்க் கையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆர்டர் கொடுக்கிற பையருடைய லேபிள், ஸ்டைல் நம்பர், தொங்கவிட்ட சாம்பிள் எதுவும் பின்னணியில் விழக்கூடாது.

மொழி

"எல்லாருக்கும் இந்தி தெரியுங்க" என்று கான்ட்ராக்டர் சொல்வார். நம்பாதீர்கள். பீகாரிலிருந்து வருபவர் வீட்டில் பேசுவது போஜ்புரியோ மைதிலியோவாக இருக்கலாம், ஜார்க்கண்ட்காரர் சந்தாலி பேசுபவராக இருக்கலாம், ஒரிசாக்காரருக்குப் பெரும்பாலும் ஒடியாதான் தாய்மொழி. அடியில் எழுத்து ஓடவிடுவது போதாது, வேகமாகப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். குரலே அவர்கள் மொழியில் இருக்க வேண்டும். அதற்கு வெளியே போக வேண்டாம், அந்த ஊரிலிருந்து வந்து இப்போது சூப்பர்வைசராக இருப்பவரையே பேசவைக்கலாம். ஒரே ஒரு சோதனை மட்டும் கட்டாயம்: ஒடியாவில் பேசியதை, தமிழும் தெரிந்த வேறொரு ஒடியாக்காரரைக் கேட்கச் சொல்லி, அவர் தமிழில் என்ன சொல்கிறார் என்று எழுதி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். "புகார் கொடுக்கலாம்" என்பது "மன்னிப்புக் கேட்கலாம்" என்று போயிருந்தால் அங்கே பிடிபடும்.

கேள்விதான் இனி உங்கள் கண்

வீடியோவுக்குப் பின் வருகிற கேள்வியை ஒப்புக்குப் போடுவார்கள். "பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் எந்த ஆண்டு வந்தது?" 2013 என்று டிக் செய்துவிட்டு ஆள் போய்விடுவார். அவருக்கு அந்த ஆண்டால் ஒரு பயனும் இல்லை. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், எழுதத் தெரியாவிட்டால் உள்புகார்க் குழுவே எழுதிக்கொள்ள உதவ வேண்டும், குழுவில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம். இதெல்லாம்தான் அவருக்கு வேண்டியது. ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: "லைன் இன்சார்ஜ் இரவில் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வேண்டாத செய்தி அனுப்புகிறார். இரண்டு முறை சொல்லியும் நிற்கவில்லை. செய்தியை அழித்துவிடுவீர்களா, அப்படியே வைத்திருப்பீர்களா? யாரிடம் போவீர்கள்?" உண்மையில் உங்கள் கம்பெனியில் நடந்த புகாரை, பெயரை மாற்றிக்கூட, இதற்குப் பயன்படுத்தாதீர்கள். புகார் விவரங்களை வெளியிடக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. தவிர, பெயரை மாற்றினாலும் லைனில் இருப்பவர்களுக்கு யாரென்று தெரியும்.

ஊசிக்கும் அப்படியே. "ஊசி மூன்று துண்டாக உடைந்தது. இரண்டு கிடைத்துவிட்டது. சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?" மிஷினை ஓட்டக்கூடாது, சுற்றியுள்ள பீஸ்களை நகர்த்தக்கூடாது, ஆளைக் கூப்பிட வேண்டும், மூன்றாவது துண்டு கிடைக்காவிட்டால் அந்தப் பீஸ்கள் தனியாகப் பிரித்து மெட்டல் டிடெக்டருக்குப் போக வேண்டும், கிடைத்த துண்டுகளை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிய பிறகே புது ஊசி. "இன்னொரு ஊசி இருந்தால் மாட்டிக்கொள்வேன்" என்று ஒரு பதிலை நடுவில் வையுங்கள். அதை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய எண். குழந்தைகள் உடையில் ஒரு ஊசித் துண்டு போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மதிப்பெண்ணைவிடத் தவறான பதில்களை வாராவாரம் பாருங்கள். ஒருவர் இருவர் தவறினால் அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பாதிப் பேர் ஒரே தவறைச் செய்தால் கோளாறு வீடியோவில் இருக்கிறது, அல்லது கேள்வியின் மொழியில். ஒரு மொழிக்காரர்கள் மட்டும் தவறினால் குரல் பதிவைத் திரும்பக் கேளுங்கள். வகுப்பில் முகத்தைப் பார்த்து அறிந்ததை இங்கே இப்படித்தான் அறிய முடியும்.

டீ டைம் சந்தேகத்துக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு நன்றாக வேலை செய்கிறது. டைப் செய்யத் தெரியாதவரும் பேசுவார். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அல்ல, தனி எண்ணுக்கு. குழுவில் சூப்பர்வைசரும் இருப்பார், அங்கே யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

நேரடி ஆன்லைன் வகுப்பு

இதை சூப்பர்வைசர், மெர்ச்சண்டைசர், உள்புகார்க் குழு உறுப்பினர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு பேர், முக்கால் மணி. இலவசக் கணக்கில் ஜூம் நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும், கூகுள் மீட்டில் மூன்று பேர் அல்லது மேல் என்றால் ஒரு மணி நேரம். நடத்துவதற்கு ஒருவர், "சத்தம் வரலைங்க" என்பவர்களைக் கவனிக்க ஒருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் பாடம் சிதறும். முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வாய் திறந்திருக்க வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேமராவைக் கட்டாயப்படுத்தாதீர்கள், யார் எந்த அறையிலிருந்து பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

மென்பொருள்

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இருநூறு பேர் வரை கூகுள் ஃபார்ம்ஸ், யூடியூப் லிங்க், ஒரு எக்செல் தாள் போதும். ஆள் வாரியாக, மொழி வாரியாக யார் எதை முடித்தார் என்று தேடி எடுக்க முடியாத அளவுக்குப் போனதும் மூடில் போன்ற பயிற்சி நிர்வாக மென்பொருள் ஒன்றுக்கு மாறலாம். மூடில் இலவசம்தான், ஆனால் அதை நடத்தும் சர்வரும் பார்த்துக்கொள்ளும் ஆளும் இலவசம் அல்ல. வெளியாரிடம் பாடம் வாங்கினால் வேறு பயிற்சி மென்பொருளிலும் ஏற்றக்கூடிய ஸ்கார்ம் கோப்பாகக் கையில் தரச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் தளத்தை விட்டு மாறுகிற அன்று பாடமும் போய்விடும்.

பதிவேடும் ஆடிட்டும்

டேப்லெட் பொதுவானது என்பதால் ஒவ்வொரு ஃபார்மிலும் முதல் கேள்வி பணியாளர் எண். தேதி, மொழி, வீடியோவின் பெயர், மதிப்பெண். மாதம் ஒருமுறை அச்செடுத்துக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் போடுங்கள், திரையைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாத ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் கோப்பு மட்டும் காப்பாற்றாது. ஆடிட்டர் லைனுக்குள் போய், உட்கார்ந்து தைப்பவரிடம் "உனக்குப் பக்கத்து வெளியேறும் வழி எது?" என்றுதான் கேட்பார்.

பயிற்சியின் பலனை நான்கு படிகளில் பார்க்கலாம் என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, நிறுவனத்துக்கு அதனால் என்ன பலன். நம் ஃபீட்பேக் படிவங்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. இரண்டு வாரம் கழித்து லைனில் நடந்து போங்கள். ஊசி மாற்றும் ரிஜிஸ்டரைத் திறந்து, துண்டுகள் முழுசாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது படி அங்கே இருக்கிறது.

ஆரம்பிக்கும்போது ஒரு லைன், ஒரு வீடியோ. போன் பழக்கம் மிகக் குறைவாக உள்ள ஒருவரை டேப்லெட் முன்னால் உட்காரவைத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். எந்தப் பொத்தானில் விரல் தடுமாறுகிறதோ அதை அன்றே மாற்றுங்கள். "இங்க அமுக்குங்க அக்கா" என்று நீங்கள் சொல்ல வேண்டி வந்தால் அது இன்னும் தயாராகவில்லை.

கடைசியாக ஒன்று, வீடியோவுக்குள் எண்களைப் பேசாதீர்கள். இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 15,000 ரூபாயாக இருந்து 2017 ஜனவரியில் 21,000 ஆனது. பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும். உள்புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் போன் நம்பரும் எப்போது வேண்டுமானாலும் மாறும். "இப்போதைய தொகை அடுத்த படத்தில் இருக்கிறது" என்று மட்டும் வீடியோவில் சொல்லிவிட்டு, எண்களைத் தனிப் படமாகப் போடுங்கள். ஏப்ரலில் அந்த ஒரு படத்தை நான்கு மொழியிலும் மாற்றினால் போதும், குடோனுக்கு மைக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.